ஆயுள் சந்தாவைக் கழித்தால் நம் சொத்து மதிப்பீட்டாளர் சங்கத்துக்கு உபரி எங்கே?

சதுர_அடி
சங்கத்தின் ஆண்டறிக்கை எல்லோருக்கும் வந்திருக்கும். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் "இதுவரை இல்லாத உபரி" என்று போட்டிருக்கிறார்கள். அதை நேற்று கொங்கு_பொறியாளர் இங்கே ஒட்டிவிட்டு, "குறை சொன்னவங்க எல்லாம் இப்ப எங்க போனாங்க?" என்று கேட்டிருந்தார். எங்கும் போகவில்லை. அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டிருந்தேன்.

வருவாய் செலவினக் கணக்கைத் திறந்து வருமானப் பக்கம் மூன்றாவது வரியைப் பாருங்கள். "ஆயுள் சந்தா" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை நீக்கினால் உபரி போய்ப் பற்றாக்குறை வந்துவிடுகிறது. ஆயுள் சந்தா முதலின வரவு, அதாவது ஒரு வருடத்தோடு முடியாமல் பல வருடங்களுக்குச் சேர்ந்த வரவு. இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம், முதல் நிதியோடு சேர வேண்டியது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் லாப நோக்கற்ற அமைப்புகள் பாடத்திலேயே இருக்கிறது.

கொங்கு_பொறியாளர்
ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்காருங்க. முத்திரையும் இருக்குது. பொதுக்குழுல வெச்சு, கை தூக்கி ஒப்புதல் வாங்கியாச்சு. அப்புறம் என்னங்க பாடம்? போன தேர்தல்ல பொருளாளர் பதவிக்கு நின்னு தோத்த கோவம் இன்னும் ஆறலைன்னு நேராச் சொல்லிருங்க.

சதுர_அடி
தேர்தலுக்கும் மூன்றாவது வரிக்கும் என்ன சம்பந்தம்? ஆடிட்டர் கையெழுத்து என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கைத் தயாரிப்பது நிர்வாகக் குழு. எந்த வரவை எங்கே காட்டுவது என்ற கொள்கையை முடிவு செய்வதும் நிர்வாகக் குழு. கடைசிப் பக்கக் குறிப்பில் "ஆயுள் சந்தா பெறப்பட்ட ஆண்டிலேயே வருமானமாகக் கொள்ளப்படுகிறது" என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அந்த வரியை எழுதியது யார்?

அறிக்கையில் உள்ள தொகை உறுப்பினர்களுக்கானது, இங்கே போடமாட்டேன். ஒரு பேச்சுக்கு ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய், ஆயுள் சந்தா 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் 40 பேர் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தால் 4,00,000 வரும். அத்தனையும் வருமானம் என்று காட்டி, மண்டப வாடகை, அலுவலக உதவியாளர் சம்பளம், கருத்தரங்கு சாப்பாடு எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டால், அடுத்த வருடம் அந்த 40 பேரிடமிருந்து ஒரு ரூபாய் வராது. சுற்றறிக்கை, தபால், கருத்தரங்குச் சலுகை எல்லாம் அவர்களுக்குத் தொடர்ந்து தந்தாக வேண்டும். அந்த 4,00,000-ஐ 7 சதவீத வைப்பில் போட்டிருந்தால் வருடம் 28,000 வரும். அதுதான் செலவழிக்கக்கூடிய வருமானம்.

பட்டா_சிட்டா
சார், இதெல்லாம் சரி. ஆனா சங்கம் நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க கணக்கு எதுக்கு? பேங்க் பேனல்ல, அதான் பேங்க் வச்சிருக்கற மதிப்பீட்டாளர் பட்டியல்ல, நம்ம ஃபீஸ் என்னன்னு பாருங்க, போதும். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு ரிப்போர்ட் எழுத மதிப்பு எவ்வளவா இருந்தாலும் ஒரே தொகைன்னு பிச்சை போடற மாதிரி தராங்க. அதைப் பத்தி ஆண்டறிக்கைல ஒரு வரி இல்ல. மதிப்பீட்டாளர் ஃபீஸ் பத்தின செல்வ வரி விதி 8சி பிரகாரம் சொத்து மதிப்புல முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு ஐந்தில் ஒரு சதவீதம், அடுத்த 40 லட்சத்துக்குப் பத்தில் ஒரு சதவீதம், மிச்சத்துக்கு இருபதில் ஒரு சதவீதம். ஒரு கோடிக்குக் கணக்குப் போட்டா 2,500 + 2,000 + 4,000 + 2,250. மொத்தம் 10,750. எந்த பேங்க் தருது? சங்கம் கேட்டுச்சா?

புதுப்பதிவு_எல்பி
அண்ணே, 8சி உச்சவரம்பு. அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. அவ்வளவு கட்டாயம் தரணும்னு சொல்லல. அதுவும் செல்வ வரிச் சட்டம் 34ஏபி பிரிவுல மதிப்பீட்டாளர் பதிவு வச்சிருக்கவங்களுக்கான விதி. செல்வ வரியே 2015 பட்ஜெட்ல போயிடுச்சு.

பட்டா_சிட்டா
வரி போச்சு, 34ஏபி போகல தம்பி. பழைய சொத்தை வித்தா மூலதன ஆதாயக் கணக்குக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பு வேணும்னு இன்னிக்கும் ஜனங்க யார்கிட்ட வராங்க?

புதுப்பதிவு_எல்பி
வரட்டும். ஆனா கம்பெனி சட்டம் 247-ஆம் பிரிவுக்கும் திவால் சட்டத்துக்கும் 34ஏபி செல்லாது. அங்க 2017 விதிப்படி பதிவு வேணும். பதிவு செய்யப்பட்ட மதிப்பீட்டாளர் அமைப்புல உறுப்பினரா சேரணும், 50 மணி நேரப் படிப்பு முடிக்கணும், தேர்வுல 60 சதவீதம் எடுக்கணும், தப்புக்குக் கால் பங்கு மார்க் போகும். சிவில் பட்டதாரிக்கு அதுக்கு முன்னாடி 5 வருஷ அனுபவம். இத்தனையும் முடிச்சு வர்றவனுக்கு மாவட்டச் சங்கத்தோட ஆயுள் சந்தா எதுக்கு? சட்டம் கேட்கற உறுப்பினர் பதவி வேற இடத்துல இருக்கு. அதான் சங்கத்துல நாற்பது வயசுக்குக் கீழ ஆளே இல்ல.

கொங்கு_பொறியாளர்
தம்பி, சங்கம் இல்லாம இருந்திருந்தா பேங்க் மேனேஜர் உங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டாருங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு வட்டார அலுவலகமா ஏறி இறங்கிப் பேனல் வாங்கிக் கொடுத்தது யாரு? நன்றி வேணும்.

சதுர_அடி
பேச்சை மாற்றாதீர்கள். மூன்றாவது வரி.

மதிப்பீட்டாளர்களுக்குப் புரியும் கணக்கிலேயே சொல்கிறேன். வாடகை வருமானத்தை மூலதனமாக்க இயர்ஸ் பர்ச்சேஸ் போடுகிறோம், அதாவது நூறை வட்டி விகிதத்தால் வகுத்து வரும் மடங்கால் பெருக்குகிறோம். 8 சதவீதம் என்றால் 12.5 மடங்கு, 10 சதவீதம் என்றால் 10 மடங்கு. ஆண்டுச் சந்தாவைப் போல் 10 மடங்கு ஆயுள் சந்தா என்று வைத்தால், வைப்புக்கு 10 சதவீத வட்டி கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டதாக அர்த்தம். தொண்ணூறுகளில் வங்கி அதற்கு மேலும் கொடுத்தது, அந்தக் காலத்துக்குச் சரி. இன்று 7 சதவீதம் என்று வைத்தால் 10,000 ரூபாய் வருடம் 700 தரும். ஆண்டுச் சந்தாக்காரர் 1,000 தருகிறார். ஒவ்வொரு ஆயுள் உறுப்பினராலும் சங்கத்துக்கு வருடம் 300 ரூபாய் துண்டு விழுகிறது. 7 சதவீதத்துக்கு ஈடாக வேண்டுமானால் 14 மடங்குக்கு மேல் வாங்க வேண்டும். "ஆயுள் உறுப்பினர் எண்ணிக்கை பெருகியது" என்று அறிக்கையில் கொண்டாடும் ஒவ்வொரு தலைக்கும் துண்டும் பெருகியிருக்கிறது. சொத்துக்கு மூலதன மதிப்புப் போட்டுப் பிழைக்கும் நமக்கு, நம் சங்கத்தின் சந்தாவுக்கு அதைப் போடத் தெரியவில்லை என்றால் வெட்கம்.

கொங்கு_பொறியாளர்
உங்க கணக்குல ஆளு சாகறதே இல்லீங்களா? பொதுப்பணித்துறைல 60 வயசுல ஓய்வு வாங்கிட்டு வந்து சேர்றாரு. பத்து வருஷம் தொழில் பண்ணுவாரு. 10,000-ஐப் பத்து வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 1,000. சரியா ஆண்டுச் சந்தா அளவுதான். துண்டு எங்க விழுது?

சதுர_அடி
நீங்களே வழிக்கு வந்துவிட்டீர்கள். பத்து வருடத்துக்குப் பிரியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போது இந்த வருடக் கணக்கில் 40 பேருக்கு 40,000 தான் வர வேண்டும். 4,00,000 எப்படி வந்தது?

கொங்கு_பொறியாளர்
போன வருஷங்கள்ல சேர்ந்தவங்களோட பங்கும் இந்த வருஷம் வருமில்லீங்களா? அதைக் கூட்டுங்க.

சதுர_அடி
வராது. அந்தந்த வருடமே முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டிச் செலவழித்தாகிவிட்டது. ஒருமுறை சாப்பிட்டதை மறுபடி எடுத்துப் பரிமாற முடியாது. முதல் நிதி பத்து வருடமாக ஒரே எண்ணில் நிற்கிறதே, அதன் காரணம் இதுதான். பழைய ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள்.

கொங்கு_பொறியாளர்
ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்காருங்க.

பட்டா_சிட்டா
சதுர_அடி சார், ஒண்ணு கேட்கறேன். வீட்டுக்காரர் வாங்கற அட்வான்ஸ் வாடகை வருமானம் இல்ல, ஏன்னா திருப்பித் தரணும். ஆயுள் சந்தா திருப்பித் தர வேண்டியதில்லையே? அப்ப அது வருமானம்தானே?

சதுர_அடி
திருப்பித் தருவதா இல்லையா என்பது அளவுகோல் இல்லை. 99 வருடக் குத்தகைக்கு ஒரே தடவையில் பிரீமியம் வாங்குகிறார்கள், அதையும் திருப்பித் தருவதில்லை. அதற்காக அந்தப் பிரீமியத்தை ஒரு வருட வாடகை என்று எடுத்து 12.5 மடங்கு போட்டு நில மதிப்பு எழுதுவீர்களா? எழுதினால் எந்த வங்கியும் அடுத்த நாள் உங்களைப் பட்டியலில் வைத்திருக்காது. பிற்பாடு தர வேண்டிய சேவைக்கு முன்கூட்டி வாங்கிய பணம். அவ்வளவுதான்.

புதுப்பதிவு_எல்பி
அட்வான்ஸ்னதும் ஞாபகம் வருது. பட்டா_சிட்டா அண்ணன் போன மாசம் இங்க போட்ட சாம்பிள் ரிப்போர்ட்ல பத்து மாச அட்வான்ஸுக்கு வட்டி கணக்குப் போட்டு வாடகையோட சேர்த்திருந்தார். தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019. மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாது.

பட்டா_சிட்டா
சட்டத்தை முழுசா படி. ஒப்பந்தத்துல வேற மாதிரி இல்லேன்னாதான் மூணு மாசம். ஒப்பந்தத்துல பத்து மாசம்னு எழுதியிருந்தா நான் பத்து மாசம்தான் எடுப்பேன். மதிப்பீட்டாளன் வேலை நடப்பு நிலவரத்தைப் பார்க்கறது.

புதுப்பதிவு_எல்பி
நடப்பு நிலவரம்னு பேசறவர் போன கருத்தரங்குல சங்கம் கொடுத்த சாம்பிள் ஃப்ளாட் ரிப்போர்ட்டைப் பத்தி ஏன் வாயே திறக்கல? சதுர அடிக்கு இவ்வளவுன்னு கூட்டு மதிப்பை சூப்பர் பில்ட்-அப் பரப்பால, அதான் பொது இடப் பங்கும் சேர்ந்த பரப்பால பெருக்கிட்டு, கீழ யூடிஎஸ் நிலத்துக்கு, அதான் ஃப்ளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப் பங்குக்குத் தனியா மதிப்புப் போட்டுக் கூட்டியிருக்காங்க. கூட்டு மதிப்புல நிலமும் கட்டடமும் ஏற்கனவே சேர்ந்து இருக்கு. நிலத்தை ரெண்டு தடவை எண்ணிட்டாங்க. அந்த ரிப்போர்ட்டை நம்பி பேங்க் கடன் கொடுத்து, வாராக்கடன் வசூலிக்கற சர்ஃபேசி சட்டத்துல ஏலம் விடும்போது பாதி விலைகூட வரலேன்னா பதில் சொல்றது யாரு? சங்கம் இதையா சொல்லித் தரணும்?

கொங்கு_பொறியாளர்
அந்த சாம்பிள் அறிக்கையத் தயாரிச்சவரு முப்பது வருஷமா தொழில் பண்றவரு. பேர் சொல்லாம அவரை அவமானப்படுத்தறீங்க. உங்க வயசுக்கு இது ஆகாதுங்க.

புதுப்பதிவு_எல்பி
வயசைச் சேர்த்தா நிலம் ஒரு தடவைதான் எண்ணப்படுமா?

நெறியாளர்
தனிமனிதர் மீதான பேச்சு வேண்டாம். தலைப்பு ஆண்டறிக்கை.

சதுர_அடி
தலைப்புக்கே வருகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. வைப்பு வட்டியைக் காட்டிய இடத்தில் வருமான வரிக்கு ஒதுக்கீடே இல்லை. "சங்கத்துக்கு ஏது வரி" என்று பொதுக்குழுவில் பதில் சொன்னார்களாம். உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே போட்டு எடுத்துக்கொள்ளும் பணம் வருமானம் ஆகாது என்ற பரஸ்பரக் கொள்கை சந்தாவுக்குப் பொருந்தும், சரி. வங்கி வைப்பின் வட்டிக்குப் பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. உறுப்பினரின் பணம் வங்கிக்குப் போய், வங்கி அதை வெளியாருக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்துத் தரும்போது அந்தப் பரஸ்பரம் அறுந்துபோகிறது. நோட்டீஸ் வந்தால் வட்டியோடு கட்ட வேண்டும். அதற்கும் பணம் எங்கிருந்து எடுப்பார்கள்? அடுத்த வருட ஆயுள் சந்தாவிலிருந்து.

கொங்கு_பொறியாளர்
இப்படியே போனா சந்தாவுக்கு ஜிஎஸ்டியும் கட்டுங்கன்னு சொல்வீங்க.

சதுர_அடி
2021 நிதிச் சட்டத்தின் மூலம் ஜிஎஸ்டி சட்டத்தில் 7(1)(ஏஏ) பிரிவைச் சேர்த்து, 2017 ஜூலை 1 முதல் பொருந்தும் என்று ஆக்கினார்கள். சங்கம் உறுப்பினருக்குத் தருவதும் வரிக்குரிய வழங்கல்தான் என்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் அது செல்லாது என்றது. நம் சங்கத்தின் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை அந்தக் கவலை இல்லை. கருத்தரங்குக் கட்டணம், விளம்பரதாரர் பணம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் 20 லட்சம் என்பதைப் பொருளாளருக்கு யாராவது சொல்லுங்கள்.

பட்டா_சிட்டா
அடேங்கப்பா, எங்க ஆரம்பிச்சு எங்க வந்துட்டோம். பேங்க் ஃபீஸ் பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல. 50 கோடியோ அதுக்கு மேலயோ போற சொத்துக்கு ரெண்டு தனித்தனி ரிப்போர்ட் வேணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ரெண்டாவது ஆளுக்கும் அதே அடிமட்ட ஃபீஸ். சங்கம் இதுக்கு ஒரு தீர்மானம் போட்டிருக்கா?

கொங்கு_பொறியாளர்
போட்டிருக்கு. தீர்மானம் 6. அறிக்கைய யாரும் முழுசாப் படிக்கறதில்லீங்க.

பட்டா_சிட்டா
தீர்மானம் 6-ல "வங்கிகளைக் கேட்டுக்கொள்கிறது"ன்னு இருக்கு. எந்த வங்கி, என்ன தொகை, எந்தத் தேதிக்குள்ள? ஒண்ணும் இல்ல. போன வருஷமும் இதே வார்த்தை.

சதுர_அடி
தீர்மானத்துக்குச் செலவில்லை, அதனால் வருடாவருடம் போடலாம். நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. மறுபடி கேட்கிறேன். ஒன்று, ஆயுள் சந்தா முழுவதும் எந்த விதிப்படி வருமானம்? சங்க உபவிதியில் அப்படி ஒரு வரியும் இல்லை. இரண்டு, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்த உறுப்பினர் பட்டியலில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? ஆயுள் உறுப்பினர் இறந்தால் பெயரை நீக்க யாரும் வருவதில்லை, சந்தா நிலுவையில் விழாததால் பட்டியலிலிருந்து தானாகவும் விழுவதில்லை. அறிக்கையில் "உறுப்பினர் பலம்" என்று போட்ட எண்ணில் எத்தனை பேர் இன்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கொங்கு_பொறியாளர்
செத்தவங்களை வெச்சு அரசியல் பண்ணாதீங்க. அவங்க கட்டின சங்கமுங்க இது.

சதுர_அடி
அவர்கள் கட்டிய ஆயுள் சந்தாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் நிதியில் அது இல்லை.

கொங்கு_பொறியாளர்
திரும்பவும் சொல்றேன். ஆடிட்டர் கையெழுத்து இருக்குது, பொதுக்குழு ஒப்புதல் இருக்குது. உபரி உபரிதான்.

புதுப்பதிவு_எல்பி
பொதுக்குழுவுக்குக் கோரம், அதான் குறைந்தபட்ச வருகை, இருந்துச்சா? கையெழுத்துப் புத்தகத்துல சாப்பாட்டு டோக்கன் வாங்க வந்தவங்க பேரும் இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

கொங்கு_பொறியாளர்
யாருங்க சொன்னது? பேரைச் சொல்லுங்க. நாளைக்கே செயற்குழுல வெக்கறேன்.

பட்டா_சிட்டா
செயற்குழுல வெக்கறதா இருந்தா அந்த ஃப்ளாட் ரிப்போர்ட்டையும் வைங்க. தம்பி சொன்னதுல அது ஒண்ணு மட்டும் சரி. மூணு மாச அட்வான்ஸ் விஷயத்துல அவன் சொன்னது தப்பு, அதை நான் விடமாட்டேன்.

புதுப்பதிவு_எல்பி
ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம, வாடகை அதிகாரிகிட்ட தெரிவிக்காம எழுதின பத்து மாசத்தை எந்த அடிப்படைல எடுப்பீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.