மத்யூஸுக்கு நாலே வருஷமா? அன்றைக்கு நீங்கள் யாரோடு சண்டை பிடித்தீர்கள்?

நீலச்சட்டை

2023 ஓகஸ்ட் 23, புதன்கிழமை. ரொறொன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸோடு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டதாக அதன் நட்சத்திர ஆட்டக்காரர் ஓஸ்டன் மத்யூஸ் தானே சமூக ஊடகத்தில் போட்டார். 4 வருஷம், மொத்தம் 53 மில்லியன் அமெரிக்க டொலர், வருஷக் கணக்கில் 13.25. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அன்று நான் பார்த்த ஆட்கள் எல்லாரும் "நல்லது" என்று தொடங்கி "நாலே வருஷமா?" என்றுதான் முடித்தார்கள். சொந்த அணியோடு 8 வருஷம் வரை கையெழுத்துப் போட இடமிருந்தது. 25 வயதுப் பெடியன், அதில் பாதியைத்தான் எடுத்தான்.

அன்று உங்களுக்கு யாரோடு என்ன நடந்தது என்று எழுதுங்கள். புள்ளிவிபரம் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடக்கிறது. ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

என் கதை இது. நான் வேலை செய்வது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயார்ஹவுஸில். மதியச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். எங்கள் சுப்பர்வைசர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். லீஃப்ஸ் கடைசியாக லீக்கின் கிண்ணமான ஸ்டான்லி கப்பை வென்ற 1967இல் அவருக்கு 6 வயது. அதற்குப் பிறகு ஒன்றையும் காணாத மனிதர். ஃபோனைப் பார்த்தார், சான்ட்விச்சைக் கீழே வைத்தார். "எட்மன்டனில் மக்டேவிட் எட்டுக்குப் போட்டான். பஃபலோவில் ஐக்கலும் எட்டுக்குப் போட்டான். எங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் அரைகுறை?" என்றார்.

எதிரே இருந்த பஞ்சாபி நண்பர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவருக்கு வேறு பயம் இருந்திருக்கிறது. மத்யூஸ் அரிசோனாவில் வளர்ந்தவர். என்றைக்காவது ஊருக்குப் போய்விடுவார் என்று வருஷக்கணக்காக ஒரு கதை ஓடியது. அந்த மே மாதம்தான் அங்குள்ள டெம்பி நகர மக்கள் அந்த ஊர் ஹொக்கி அணியான அரிசோனா கயோட்டீஸுக்குப் புதிய அரங்கம் வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள். "அந்த வாக்கெடுப்பு இரவில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கு நாலு வருஷமும் கிடைத்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

சுப்பர்வைசர் விடவில்லை. ஜூலை 1இலிருந்து மத்யூஸின் சம்மதம் இல்லாமல் அவரை ட்ரேட் பண்ண, அதாவது வேறு அணிக்கு மாற்றிவிட, முடியாது. கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்திருந்தால் அடுத்த கோடையில் சும்மா விடவேண்டி வந்திருக்கும். "அப்ப நாலு வருஷத்துக்கு நன்றி சொல்லத்தானே வேணும்?" என்று நான் கேட்டேன். பயம் காட்டிப் பிறகு கொடுப்பதற்குப் பெயர் நன்றி இல்லை என்றார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் என்னோடு வேலையைப் பற்றித்தான் கதைத்தார்.

வீட்டுக்கடன்காரர்

அண்ணை, நான் மோர்ட்கேஜ் ஏஜென்ட். அன்றைக்கு ஸ்காபரோவில் என் அலுவலகத்துக்கு ஒரு மாமா கடனைப் புதுப்பிக்க வந்திருந்தார். கனடா மத்திய வங்கி வட்டியை 5 வீதத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்த நேரம். 5 வருஷத்துக்குப் பூட்டவா என்று கேட்டேன். "விசரே? வட்டி இறங்கும். மூண்டு வருஷம் போடு, பிறகு பாப்பம்" என்றார்.

படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஃபோன் சத்தம் போட்டது. செய்தியைப் பார்த்துவிட்டு மத்யூஸைத் திட்டத் தொடங்கினார். விசுவாசம் இல்லை, காசு ஒன்றுதான் கண், இப்படி ஐந்து நிமிஷம். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் '3' என்று எழுதியிருந்ததை விரலால் காட்டினேன்.

அவர் செய்ததும் மத்யூஸ் செய்ததும் ஒரே வேலைதான். விலை மாறப்போகிறது என்று தெரிந்தால் யாரும் நீண்ட காலத்துக்குப் பூட்டமாட்டார்கள். அணிகளின் சம்பள உச்சவரம்பு, நாங்கள் 'காப்' என்று சொல்வது, கொரோனா காலத்தில் 81.5 மில்லியனில் உறைந்து கிடந்தது. 2023இல் 83.5. பிறகு பாருங்கள்: அடுத்த சீசனுக்கு 88, அதற்கு அடுத்ததற்கு 95.5, 2026-27க்கு 104. எட்டு வருஷம் போட்டிருந்தால் அந்த ஏற்றம் முழுவதும் அணியின் பைக்குள் போயிருக்கும்.

மாமா கடைசியில் மூன்று வருஷத்துக்கே கையெழுத்துப் போட்டார். ஆனால் மத்யூஸை மன்னிக்கவில்லை. "நான் வீட்டை விட்டுட்டு ஓடமாட்டன். அவன் ஓடுவான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, உண்மையாகவே.

மார்க்கம் அம்மா

என் மகனுக்கு அப்போது 11 வயது. உள்ளக ஐஸ் அரங்குக்கு அவனைக் காலை 6 மணிக்குக் கொண்டுபோய் விடுகிற தாய்மாரில் நானும் ஒருத்தி. அந்தக் குளிரில் கோப்பிக் கப்போடு நிற்கும் அப்பாமாரின் அரட்டை எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். செய்தி வந்த வாரம் முழுவதும் அவர்களுக்கு அதுதான் பேச்சு. ஒருவர் சம்பளத்தைக் கூட்டிக் கழிப்பார், இன்னொருவர் "கிண்ணத்துக்கான பிளேஓஃபில் கோல் எங்கே?" என்பார்.

நான் அங்கே அதிகம் வாய் திறப்பதில்லை. என் நிறத்தையும் பொட்டையும் பார்த்துவிட்டு ஓஃப்சைட் என்றால் என்னவென்று விளக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு ஒருவர் அப்படித்தான் வந்தார். "நாலு வருஷம் என்றால் குறைவு, தெரியுமோ?" என்று. நான் சொன்னேன்: "2019இல், போன தடவை, 5 வருஷம் போட்டார். அதற்குப் பிறகு ஒரு சீசனில் 60 கோல் அடித்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் வாங்கினார். அணியின் பழைய ஆட்டக்காரர் ரிக் வைவின் 54 கோல் சாதனையும் அந்த வருஷம்தான் போனது. குறைந்த காலம் அவருக்கு நன்றாகத்தான் ஒத்துவருகிறது." அந்த மனிதர் இப்போது என்னைக் கண்டால் முதலில் குட் மோர்னிங் சொல்கிறார்.

மகனின் கேள்விதான் வேறு. திரும்பி வரும்போது காரில் கேட்டான்: "2028இல எனக்கு 16 வயசு. அப்பவும் அவர் இருப்பாரா?" இருப்பார், அந்தச் சீசன் முடியும்வரை என்றேன். "அப்ப அவரின்ர 34ஆம் நம்பர் ஜெர்சி வாங்கலாம்" என்றான். வாங்கினோம். எங்கள் மார்க்கத்தில் பிறந்த லீஃப்ஸ்காரர் மிச் மார்னரின் 16ஆம் இலக்கத்தைப் பெரிய மகனுக்கு அதற்கு முன்பே வாங்கிக் கொடுத்திருந்தேன். 2025 கோடையில் மார்னர் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். அந்தச் சட்டை இப்போது அலுமாரியில் கிடக்கிறது. யாரோ ஒருவர் வருஷக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுவது எனக்கு எவ்வளவோ மேல்.

மொன்றியல் மருமகன்

ரொறொன்ரோவில் பெண் எடுத்தவன் நான், ஆனால் லீஃப்ஸின் பழைய எதிரியான மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் ரசிகன். மாமனார் வீட்டுக்குப் போனால் சாப்பாடு நன்றாகக் கிடைக்கும், மரியாதை கிடைக்காது.

அந்த வாரம் அங்கே ஒரு பிறந்தநாள். மச்சான்மார் எல்லாரும் பேஸ்மென்டில். மட்டன் ரோல்ஸ் ஒரு தட்டில், மத்யூஸ் இன்னொரு தட்டில் என்று இரண்டையும் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷம் போட்டிருந்தால்தான் அவன் எங்கள் ஆள் என்று பெரிய மச்சான் மேசையில் தட்டினார்.

நான் சுபானின் கதையைச் சொன்னேன். பி.கே. சுபான் ரொறொன்ரோவில் வளர்ந்த பெடியன், எங்கள் மொன்றியலுக்கு ஆடியவர். 2013 ஜனவரியில் நீண்ட ஒப்பந்தம் கேட்டார், அணி கொடுக்கவில்லை. 2 வருஷம்தான், வருஷத்துக்கு 3 மில்லியனுக்கும் குறைவு. 'பிரிட்ஜ்' ஒப்பந்தம் என்பார்கள், இளம் ஆட்டக்காரனைச் சோதித்துப் பார்க்கிற வகை. அதே சீசனில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதை வாங்கினார். 2014இல் அணி 8 வருஷத்துக்கு 72 மில்லியன் கொடுக்க வேண்டி வந்தது. நகரமே கொண்டாடியது. இனி எட்டு வருஷம் எங்கள் ஆள் என்று நானும் 76ஆம் இலக்கச் சட்டையோடு வேலைக்குப் போனேன். 2015இல் மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்கு 10 மில்லியன் திரட்டித் தருவதாகவும் அவர் வாக்குக் கொடுத்தார்.

2016 ஜூன் 29. நாஷ்வில்லுக்கு ட்ரேட். ஷே வெபர் இங்கே, சுபான் அங்கே. ஜூலை 1 வந்திருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. இரண்டு நாளுக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டார்கள். எட்டு வருஷத்தில் இரண்டு சீசன்தான் ஆகியிருந்தது. அன்று மெட்ரோவில் முன்பின் தெரியாத ஒரு கிழவி என் தொப்பியைப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் "என் மகன் செத்த மாதிரி இருக்கிறது" என்றாள். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.

மச்சான்மார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கடைசியில் "அது மொன்றியல், அங்கே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

ராப்டர்ஸ் முதலில்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஹொக்கி எனக்கு இரண்டாவது. 2019 ஜூனில் எங்கள் கூடைப்பந்து அணி ராப்டர்ஸ் வென்ற ஊர்வலத்தில் நின்றேன், ஜூலையில் அதன் நட்சத்திரம் கவாய் லெனர்ட் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். ஒரு வருஷம்தான் இருந்தார், ஒரு கிண்ணம் தந்துவிட்டுப் போனார். மத்யூஸ் செய்தியன்று என் தம்பி அழாக்குறையாக வந்தான். "நாலு வருஷத்தில் ஒரு கப் கிடைத்தால் நீ அவனைக் கோயில் கட்டிக் கும்பிடுவாய்" என்று சொல்லி அனுப்பினேன்.

பழைய லீஃப்ஸ்காரன்

2023ஐப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு 2019 பெப்ரவரி 5 தான் ஞாபகம். தலைமுடி வெட்டப் போயிருந்தேன். 21 வயது மத்யூஸ், 5 வருஷம், வருஷத்துக்கு 11.634 மில்லியன் என்று தொலைக்காட்சியில் ஓடியது. கடைக்காரத் தம்பி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு "அண்ணை, கடைசியில 34 பாத்தீங்களோ? அவன்ர நம்பர்" என்றான். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "டவாரஸ் எங்கள் அணிக்கு 7 வருஷத்துக்கு வந்தார், சின்ன வயதில் லீஃப்ஸ் போர்வையில் படுத்த பிள்ளை. இவனுக்கு என்ன?" என்றார்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. 2025 மே 18, ஃபுளோரிடாவோடு ஏழாவது ஆட்டம். சொந்த அரங்கில் 6-1 தோல்வி. ரசிகர்கள் ஜெர்சிகளைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். மத்யூஸ் அந்தச் சீசனில் காயங்களோடு 33 கோல், அதற்கு முந்தியதில் 69. மறுநாள் கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு நிற்கிறேன். முன்னால் நின்றவர் "இன்னும் மூண்டு வருஷம் இவனுக்கு 13.25 கொடுக்க வேணுமே, யார் போட்ட ஒப்பந்தம் இது?" என்று புலம்புகிறார். ஆளைத் திருப்பிப் பார்த்தால், 2023இல் எட்டு வருஷம் போடவில்லை என்று என் வீட்டு வாசலில் நின்று கத்திய அதே மனிதர்! நான் ஒன்றும் கேட்கவில்லை. பருப்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

நீலச்சட்டை

பழையவரே, அந்த ஆளை எனக்கும் தெரியும் போல இருக்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவர்தான்.

என் அபிப்பிராயம்: கால அளவை நாங்கள் அன்பின் அளவாக எடுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அது விலைப் பேச்சு. இரண்டு பக்கமும் வேறு வேறு விஷயத்தைக் கதைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கடன் மாமா சொன்னதில் ஏதோ இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியவில்லை.

எட்மன்டன் கோவைக்காரன்

நான் மக்டேவிட் ஆடும் ஆயிலர்ஸ் அணியின் ஊரில் இருக்கிறேன். ரொறொன்ரோக்காரர்கள் புலம்பலை வாசித்தால் சிரிப்புதான் வருகிறது. உங்களுக்கு நாலு வருஷம் கிடைத்தது. எங்களுக்கு மக்டேவிட் கொடுத்தது இரண்டு.

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை. ஆபீஸில் என் பக்கத்து சீட்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர். 1988 ஆகஸ்ட் 9ஆம் தேதி அணியின் பெரிய நட்சத்திரம் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியபோது பள்ளிக்கூடப் பையன். இன்றைக்கும் அந்தத் தேதியை வீட்டில் துக்க நாள் மாதிரி சொல்வார். 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு இறுதிச்சுற்றில் ஃபுளோரிடாவிடம் தோற்ற வலி வேறு. செய்தி வந்ததும் "கிளம்பிட்டான்" என்றார். அவ்வளவுதான், மானிட்டரை அணைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார், கையில் ஒரு பேப்பர். வருஷத்துக்கு 12.5 மில்லியன், பழைய சம்பளமே, ஒரு டாலர் கூட ஏற்றவில்லை. ஒரு வாரம் முன்னால்தான் மினசோட்டா அணி தன் ஆட்டக்காரர் கப்ரிசோவுக்கு 8 வருஷத்துக்கு 136 மில்லியன் கொடுத்திருந்தது, அதாவது வருஷத்துக்கு 17. "வித்தியாசம் 4.5. அதில் ஒரு நல்ல டிஃபென்ஸ்காரனை வாங்கலாம்" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். காலையில் துரோகி, சாயங்காலம் தியாகி. நான் எதுவும் பேசாமல் தலையை ஆட்டினேன். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை, சென்னை அணி தோற்கும்போதும் ஜெயிக்கும்போதும் எங்கள் தெரு இப்படித்தான் மாறும்.

இங்கே ஒரு வேண்டுகோள். மக்டேவிட் ஒப்பந்தம் 2028இல் முடிகிறது, மத்யூஸ் ஒப்பந்தமும் அதே கோடையில். மக்டேவிட் வளர்ந்த நியூமார்க்கெட் ரொறொன்ரோவுக்குப் பக்கத்து ஊர் என்பதால், ஸ்காபரோவில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்து "மாப்பிள்ளை, எப்ப அனுப்பப் போறீங்கள்?" என்று கேட்கிறார். அவரும் இதை வாசிப்பார் என்று தெரியும். மச்சான், மாட்டோம். வேறு ஏதாவது பேசலாம்.