கோழியும் சோறும் மட்டும் போட்டா நாய்க்குப் போதுமா?

செவலையம்மா: ஆறு வருஷமா எங்க நாய்க்கு பாக்கெட் தீனியே கிடையாது. எலும்பு நீக்கின கோழி, குழைய வெந்த சோறு, பூசணி, கேரட், அவ்வளவுதான். உப்பு, வெங்காயம் சேர்க்கிறதில்ல. பாத்திர மூடி சத்தம் கேட்டா ஓடி வருது. காய்ஞ்ச தீனியை வச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. இதுக்கு மேல என்ன சான்று வேணும்?

வாலாட்டி: ஆசையா தின்னா சத்து இருக்குன்னு ஆகிடுமா? செருப்பையும்தான் ஆசையா தின்னுது. உங்க பட்டியல்ல கால்சியம் எங்கங்க? கறியில பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் துளிதான். நாய்க்கு பாஸ்பரஸைவிட கால்சியம் கொஞ்சம் கூடவே வேணும். கிடைக்கலன்னா உடம்பு அதை எலும்புல இருந்து உருவிக்கும். என் குட்டிக்கு நாலாம் மாசத்துல முன்னங்கால் வில்லா வளைஞ்சிடுச்சு. எக்ஸ்ரேல எலும்பு இருக்கிற இடமே மங்கலா இருந்துச்சு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு போடுறீங்க?" நானும் இதே கோழியும் சோறும்தான் போட்டேன்.

செவலையம்மா: குட்டி கதை வேற, என்னோடது வளர்ந்த நாய். 2007ல மெலமைன்ங்கிற ரசாயனம் கலந்த கோதுமை புரதம் பாக்கெட் தீனிக்குள்ள போய், சிறுநீரகம் கெட்டு நாய், பூனைங்க செத்ததே, அதுக்கு என்ன சொல்றீங்க? என் அடுப்புல என்ன வேகுதுன்னு எனக்குத் தெரியும்.

வாலாட்டி: என்ன வேகுதுன்னு தெரியும், எவ்வளவு வேணும்னு தெரியுமா? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசி 2013ல வெளியிட்டாங்க. எல்லாமே வளர்ந்த நாய்க்கு எழுதினது. 95 சதவீதத்துல ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைச்சல். கால்நடை மருத்துவர்கள் எழுதினதும் அதுல அடக்கம்.

ஓநாய்க்குட்டி: சோறு எதுக்கு? பச்சைக்கறி போடுங்க. நாய் ஓநாய் வம்சம்.

வாலாட்டி: வம்சம் சரிதான். ஆனா மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருக்கு. பச்சைக்கறியில சால்மொனெல்லா கிருமி இருந்தா, நாய் தாங்கினாலும் அதோட கிண்ணத்தைக் கழுவுற நீங்க தாங்கணும்.

புதுசு: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போட்டா கால்சியம் வந்துடும்ல? எங்களுக்குச் சமைச்ச கறியைத் தண்ணியில அலசிப் போடலாமா?

வாலாட்டி: அலசினாலும் வேணாம். வெங்காயச் சாறு கறிக்குள்ள இறங்கியிருக்கும், வெந்தாலும் அது சிவப்பணுவை உடைக்கும். ஓடு நல்ல யோசனை. கழுவி, சூடுபடுத்தி, மிக்ஸில மாவா அரைங்க. ஒரு கிராம் பொடியில சுமார் 380 மில்லிகிராம் கால்சியம். ஆனா துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ அதுல கிடைக்காது. வைட்டமின் டியும்தான். நம்மளை மாதிரி வெயில்ல நின்னு அதை உண்டாக்கிக்க நாய்க்கு முடியாது. ஈரலை அள்ளிப் போட்டுச் சரிக்கட்டலாம்னு நினைக்காதீங்க, வைட்டமின் ஏ எகிறிடும்.

செவலையம்மா: அப்போ பாக்கெட்டுக்கு மாறுங்கறீங்க.

வாலாட்டி: எங்க சொன்னேன்? நானும் இப்ப வீட்லதான் சமைக்கிறேன். கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதிக் கொடுத்த அளவை கிராம் தராசுல நிறுத்துப் போடுறேன், அதோட சத்துப்பொடியும் சேர்க்கிறேன். கண்ணளவை மட்டும் விட்டுட்டேன். உங்க நாய் எடை என்ன?

செவலையம்மா: 14 கிலோ.

வாலாட்டி: போன வருஷம்?

செவலையம்மா: 12. சந்தோஷத்துல வந்த சதைன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்.