வாரத்துக்கு எத்தனை சோப்பு?

(வாட்ஸ்அப் குழு: சேலம் குகை வீட்டார்)

சித்தப்பா: பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இன்றைக்குத்தான் இறக்கினேன். அம்மாவின் சேலை இரண்டு, கிழிந்த ரேஷன் கார்டு, அப்புறம் இது. 📷

சாந்தி அத்தை: ஐயோ! முக்குக் கடை நோட்டு!!

கவிதா: என்ன நோட்டு அத்தை?

சாந்தி அத்தை: மளிகைக் கடன் நோட்டு. கடையில் ஒன்று, நம்மிடம் ஒன்று. சாமான் வாங்கப் போகும்போது கையோடு கொண்டு போக வேண்டும், கடைக்காரர் இரண்டிலும் எழுதுவார். நெய்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கியதும் உன் தாத்தா நேராக அங்கே போய் அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கே வருவார்.

தினேஷ்: அந்தக் காலத்து ஜிபே 😂

பெரியப்பா: ஜிபேயில் காசு இருந்தால்தான் போகும். இது காசு இல்லாத அன்றைக்கு.

சித்தப்பா: முதல் பக்கம் 1984 தை. "து.பருப்பு 250, வெல்லம் 200, கிருஷ்ணாயில் 1, வ.மிளகாய் 100, சோப்பு 1."

கவிதா: கிருஷ்ணாயிலா?

சித்தப்பா: மண்ணெண்ணெய் கண்ணு. ஊரே அப்படித்தான் சொல்லும்.

சாந்தி அத்தை: அந்தக் கடை அப்படியே கண்ணில் நிற்கிறது. கதவு கிடையாது, பலகைகள்தான். 1 முதல் 9 வரை வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருப்பார். 7-ஐ மட்டும் தலைகீழாக எழுதிவிட்டார், கடைசி வரை மாற்றவே இல்லை. தலைக்கு மேலே சணல் உருண்டை தொங்கும். பேப்பரைச் சுருட்டிப் பருப்பைக் கொட்டி, மடித்து, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி விரலாலேயே பட்டென்று அறுப்பார். கத்தரிக்கோல் வைத்து நான் பார்த்ததே இல்லை. வெல்ல மூட்டையைச் சுற்றிக் குளவி பறக்கும், அதற்குப் பயந்து நான் தள்ளி நின்றே சாமான் கேட்பேன்.

சித்தப்பா: செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலிருந்து மூட்டை வந்து இறங்கும் நாளில் தெருவே மிளகாய் நெடி. எல்லோரும் தும்முவோம்.

தினேஷ்: இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

சித்தப்பா: செல்போன் கடை. ஷட்டர் போட்டுவிட்டார்கள்.

பெரியப்பா: அந்தக் கடை வடக்குப் பார்த்த கடை. அது முக்கியம். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூல், நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைத்திருப்போம். சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மழை வந்தால் ஒரு பாவு நூல் அத்தனையும் போச்சு. அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மலை கறுக்குது, பாவைச் சுத்துங்க!" என்று ஒரு சத்தம் வரும். சோறு தின்றுகொண்டிருந்தவன்கூட எச்சில் கையோடு ஓடி வருவான். கால் மணி நேரத்தில் மழை கொட்டும். ரேடியோ சொன்னது தப்பலாம், அவர் சொன்னது தப்பாது.

கவிதா: பெரியப்பா, இதெல்லாம் எங்களுக்குச் சொன்னதே இல்லையே!

பெரியப்பா: யார் கேட்டீர்கள்?

சாந்தி அத்தை: ஆடியில் வண்டி வேடிக்கைக்கு அந்தத் திண்ணையில் பெண்களுக்கு மட்டும் பெஞ்சு போட்டுக் கொடுப்பார். மாட்டு வண்டியில் சிவன், பார்வதி வேஷமெல்லாம் வரும்போது நமக்குத்தான் முதல் வரிசை.

கவிதா: எல்லாம் சரி. சித்தப்பா போட்ட படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சந்தேகம். ஒரே மாதத்தில் 9 சோப்பு?

சித்தப்பா: எங்கே? அட, ஆமாம்.

கவிதா: எல்லாம் வெள்ளியும் ஞாயிறும். ஒவ்வொன்றும் 2.00.

சாந்தி அத்தை: அந்த வீட்டில் 501 பார் சோப்பு ஒன்று வாங்கினால், நூலைக் கட்டி இழுத்துத் துண்டு போட்டு மாதம் முழுக்க ஓட்டுவாள் அம்மா. 9 சோப்பு எவன் குளித்தான்??

பெரியப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தினேஷ்: பெரியப்பா 👀

சித்தப்பா: அண்ணா, நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நீங்கள்தானே?

பெரியம்மா: என்ன நீக்கினீர்கள்? பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

பெரியப்பா: சரி, சொல்கிறேன். கடைக்காரர் என் கையில் 2 ரூபாய் கொடுப்பார், நோட்டில் சோப்பு என்று எழுதுவார். படம் பார்க்க. போதுமா?

சாந்தி அத்தை: அப்பா ராத்திரி பகல் பார்க்காமல் தறிக்குழியில் உட்கார்ந்து அடைத்த கடன் அது!!! நான் ஒரு ரிப்பனுக்கு அழுதிருக்கிறேன்.

தினேஷ்: மாடர்ன் தியேட்டர்ஸில் படமா?

பெரியப்பா: அது படம் எடுத்த இடம்டா, பார்க்கிற இடம் இல்லை. ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த ஸ்டூடியோ. இப்போது முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நாங்கள் டவுனுக்குப் போவோம். பெஞ்சு டிக்கெட் போக மிச்சத்தில் ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி.

சாந்தி அத்தை: பேச்சை மாற்றாதீர்கள் அண்ணா.

பெரியம்மா: விடாதே சாந்தி. எனக்கு மட்டும் இன்றைக்கும் "சிக்கனம், சிக்கனம்" என்று பாடம் நடத்துகிறார். மின்விசிறி ஒரு நிமிஷம் சும்மா ஓடினால் போதும்.

சித்தப்பா: இருங்கள், அடியில் இன்னொரு நோட்டும் இருக்கிறது. 1986. 📷📷

கவிதா: பெரியம்மா, உங்கள் கல்யாணம் எப்போது?

பெரியம்மா: 86 வைகாசி. ஏன்?

கவிதா: சித்திரை வரை "சோப்பு 1". ஆனியிலிருந்து "சோப்பு 2".

தினேஷ்: 😂😂😂😂

சாந்தி அத்தை: அண்ணீ...

சாந்தி அத்தை: அண்ணி, எங்கே போனீர்கள்?

பெரியம்மா: குக்கர் விசில். அடுப்பில் வேலை இருக்கிறது.

சித்தப்பா: இதையும் பாருங்கள். ஆடி மாதம் மட்டும் மறுபடி "சோப்பு 1". ஆவணியில் 2.

பெரியம்மா: ஆடிக்கு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவர் மட்டும் போயிருக்கிறார்! "நீ இல்லாமல் தெருமுனை தாண்டவில்லை" என்று கடுதாசி வேறு போட்டாரே!

பெரியப்பா: முருகேசா, அந்த நோட்டை இருந்த இடத்திலேயே வை.