தெருமுனைக் குப்பைத்தொட்டியை எடுத்த கதை

மேற்கு மாம்பலம்

எங்கள் தெருவைச் சரிசெய்த கதையை எழுது எழுது என்று என் பையன் ரொம்ப நாளாகச் சொல்கிறான். நான் எழுதினால் பாதி சண்டைக் கதையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, நீங்களும் உங்கள் தெருச் சண்டைகளை எழுதுங்கள்.

1993 என்று ஞாபகம். எங்கள் தெருமுனையில் ஒரு சிமெண்ட் குப்பைத்தொட்டி இருந்தது. கிணற்று உறையை எடுத்து வைத்த மாதிரி வட்டமாக இருக்கும். அதற்குள் குப்பை விழுந்து நான் பார்த்ததில்லை, சுற்றித்தான் விழும். நாற்றத்தில் கிட்டே போக யாருக்கு மனசு வரும்? பத்தடி தள்ளி நின்றே வீசிவிடுவார்கள். மாடு பையைக் கிழிக்கும், நாய் இழுத்துப் போடும். மழை பெய்தால் எல்லாம் மிதந்து வாசலுக்கே வந்துவிடும். காலையில் போட்ட கோலத்தின் மேல் யார் வீட்டு எச்சில் இலையோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்போது சென்னையில் எங்கே பார்த்தாலும் எக்ஸ்னோரா பேச்சு. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989-இல் ஆரம்பித்த இயக்கம். அவர்கள் சொன்ன வழி எளிமையானது. தெருவே ஒரு சங்கம், ஒரு மூன்று சக்கர வண்டி, அதை ஓட்ட ஒருவர், வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்து அவருக்குச் சம்பளம். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களையே பல தெருக்களில் வேலைக்கு எடுத்து, 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்' என்று பேர் வைத்தார்கள். பேரைக் கேட்டு முதலில் சிரித்தேன். எங்கள் தெருவில் அந்தப் பேரை யாரும் வாயால் சொன்னதில்லை. எங்கள் வண்டியை ஓட்டியவருக்கு நாற்பது வயசுதான் ஆகியிருந்தது, ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'விசில் தாத்தா'.

எண்பது சொச்சம் வீட்டுக்கு நானும் இன்னொரு மாமியும் ஏறி இறங்கினோம். வீட்டுக்குப் பத்து ரூபாய். "வரி கட்டுறேனே, அதுக்கு மேல எதுக்கு?" என்று ஒருவர் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று இன்று வரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நியாயம் அவர் பக்கம் இருந்தது, நாற்றம் எங்கள் எல்லோர் பக்கமும் இருந்தது.

வண்டி வந்ததும் தொட்டியை எடுக்கச் சொன்னோம். எடுத்தார்கள். மறுநாள் காலை அதே இடத்தில் பதினோரு பை! தொட்டி போனாலும் கை பழக்கம் போகுமா? சரி என்று அஞ்சரை மணிக்கே நாங்கள் மூன்று பேர் அங்கே போய் நின்றோம். சாணி தெளித்து, செம்மண் இட்டு, தேர்க்கோலம் ஒன்றைப் பெரிதாகப் போட்டோம். ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பையோடு வந்தார். கோலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாக்கிங் போகிற மாதிரி பையோடு ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நாலாம் நாள் கோலத்துக்கு நட்டநடுவே ஒரு பை. விசில் தாத்தா அங்கேயே பிரித்துக் கொட்டினார். முருங்கைக்காய்ச் சக்கை, காபித்தூள் சண்டு, அடியில் நாலாக மடித்த கரண்ட் பில். பில்லில் இருந்த பேர் எங்கள் சங்கப் பொருளாளருடையது. பையை அப்படியே கட்டி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த முனையில் ஒரு பையும் விழவில்லை.

விசில் தாத்தாவுக்குத் தெரியாமல் தெருவில் எதுவும் நடக்காது. "அந்த மாடி வீட்ல ரெண்டு நாளா பிரெட் கவர்தான் வருது, அம்மா ஊர்ல இல்ல போல" என்பார். சரியாக இருக்கும்.

ஏழெட்டு வருஷம் ஓடியது. 2000-இல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனபோது, இனி நாம் எதற்குப் பணம் தர வேண்டும் என்ற பேச்சு எங்கள் தெருவிலும் வந்தது. வசூல் பாதியாகக் குறைந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தோம். தாத்தா சண்டை போடவில்லை, வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பாக்கியை நாங்கள் கொடுத்து முடிக்க நாலு மாசம் ஆனது. அதற்குள் முனையில் பழையபடி பைகள். மரம் நட்டதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தெரு நின்றது அந்தப் பத்து ரூபாயில் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை.

சிட்லபாக்கம்

மாமி, கரண்ட் பில் கதையை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்!

எங்களுக்கு முனை இல்லை, ஏரி. 2019 கோடை உங்களுக்கே தெரியும், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டு கிடந்தன. எங்கள் ஏரியும் வற்றியதால்தான் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு இறங்குவோம். மண்வெட்டியால் கொத்தினால் மண் வராது. பால் கவரும் எண்ணெய் பாக்கெட்டும் வேர் மாதிரி பின்னிக்கொண்டு நீளமாக வரும். ஒரு கவரை இழுத்தால் பத்துக் கவர் கூடவே வரும். ஒன்றில் தேதி தெளிவாக இருந்தது, என் மகள் பிறந்த வருஷம். அவள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தைப் பச்சையாகச் சொல்கிறேன். நாங்கள் சாக்கு சாக்காக எடுத்தது ஏரிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முந்நூறு பேர் சேற்றில் நிற்கும் படம் பேப்பரில் வந்தால், கோப்பு நகர்கிறது. அந்த வருஷமே ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. மற்றபடி நாங்கள் செய்ததெல்லாம் மனு எழுதுவது, நகல் எடுப்பது, சர்வே எண் தேடுவது. அந்த வேலைக்குக் கூட்டம் வராது. ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் என்றால் செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில் இரண்டு பேர், அதில் ஒருவர் நான்.

பம்மல் பக்கம்

2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாக ஏரியா சபை கூடியபோது முதல்வர் எங்கள் பம்மலுக்கே வந்திருந்தார். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று. பிரமாதமான கூட்டம். அதற்கப்புறம் நான் போன கூட்டத்தில் நாற்காலிதான் அதிகம் இருந்தது. சாலை, பூங்கா மாதிரி வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டத்தையும் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். அந்த ஒரு பங்கைத் திரட்ட மறுபடி மாமி மாதிரி ஒருவர் படியேற வேண்டும், அது வேறு விஷயம்.

திருவான்மியூர்

எல்லோரும் மன்னிக்கணும், நான் கொஞ்சம் கசப்பாக எழுதப்போகிறேன்.

எங்கள் தெருவிலும் சங்கம் வைத்தோம். செடி வைத்தோம், சுவரில் படம் வரைந்தோம். மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் "அந்த இட்லிக்கடையை எடுத்தால்தான் தெரு தெருவாக இருக்கும்" என்றார். பதினைந்து வருஷமாகத் தள்ளுவண்டியில் கடை போட்ட அக்கா. 2014-இலேயே தெருவோர வியாபாரிகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, உரிய வழியில் இடம் காட்டாமல் விரட்ட முடியாது என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அவர் வண்டி நிற்கும் இடத்தில், சரியாக அந்த அளவுக்கு, ஒரு பூந்தொட்டி வரிசை வைத்துவிட்டார்கள். அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு வரவில்லை. ராத்திரி பத்து மணி வரை அந்த வண்டி விளக்கு எரியும், டியூஷன் முடிந்து வரும் பெண் குழந்தைகள் அதைத் தாண்டித்தான் வருவார்கள். இப்போது அங்கே இருட்டு. பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை.

யாருக்காகத் தெருவை அழகாக்குகிறோம் என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்டதுண்டா?

மேற்கு மாம்பலம்

கேட்டதில்லை, தம்பி. எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நின்றது. கரித்தூள் கொட்டுகிறது, மரத்தில் ஆணி அடித்திருக்கிறான் என்று சொல்லி நாங்கள்தான் அடுத்த தெருவுக்கு அனுப்பினோம். தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக அதே ஆளிடம் புடவையைத் தூக்கிக்கொண்டு நானே அடுத்த தெருவுக்கு நடக்கிறேன். முட்டி வலிக்கிறது என்று போன வாரம் அலுத்துக்கொண்டேன். "நீங்கதானே மாமி அனுப்பினீங்க" என்று சிரித்துக்கொண்டே கரியை ஊதினார்.

வரும் ஞாயிறு கூட்டம் இருக்கிறது. மரத்தடியை அவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லப்போகிறேன். பொருளாளர் இன்னும் அதே ஆள்தான், பார்க்கலாம்.