மறு: ஸ்னோ லெவல் – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

> 'பனிக்கோடு' ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது, ஆனால் அது வேறு. மலையில் ஆண்டு முழுதும் பனி கரையாமல் கிடக்கும் பகுதியின் கீழ் எல்லைதான் பனிக்கோடு. நமக்கு வேண்டியது 'ஸ்னோ லெவல்', அதாவது விழுந்துகொண்டிருக்கும் பனி எந்த உயரத்தில் மழையாகிறது என்பதற்கான பெயர். அது மணிக்கு மணி ஏறும், இறங்கும்.

கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்கு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரக் கிராமம் 675 மீட்டரில், உச்சி 2,182 மீட்டரில். பசிபிக் பக்கமிருந்து ஈரக்காற்று வரும் நாளில் கேபிள் காரில் ஏறினால் முதலில் கண்ணாடியில் மழை வழியும். கொஞ்சம் மேலே போனதும் துளிகள் கூழாகி ஒட்டி, மெல்ல நழுவும். அப்புறம் எதுவுமே ஒட்டாது. பனிச்செதில்கள் பட்டுத் தெறித்துப் போகும். அந்தக் கூழ் ஒட்டுகிற உயரத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> அப்படியானால் 'உறைமட்டம்' போதாதா?

போதாது. காற்று 0 டிகிரி செல்சியஸாக இருக்கும் உயரம் உறைமட்டம். அதைத் தாண்டியவுடன் செதில் கரைந்துவிடுவதில்லை. பொதுவாக இன்னும் சுமார் 300 மீட்டர் இறங்கித்தான் மழையாகிறது. உறைமட்டம் 900 மீட்டர் என்றால் விஸ்லர் கிராமத்திலேயே பனி பெய்யக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் வானிலை அறிக்கையை மொழிபெயர்ப்பவர் அங்கே 'மழை' என்று எழுதிவிடுவார்.

இன்னொன்று, விடாமல் கொட்டினால் உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மட்டம் தானாக இறங்கும். மழையாகத் தொடங்கியது கொட்டக் கொட்டப் பனியாக மாறும்.

என் பரிந்துரை: பனிபெய் மட்டம். வினைத்தொகை, காலம் காட்டாது; நிலையில்லாத ஒன்றுக்குப் பொருந்தும். 'உறைபனி' மட்டும் வேண்டாம். ஊட்டியில் விடியற்காலையில் புல்மேல் வெள்ளையாகப் படர்வதற்கு நாளிதழ்கள் அதை எழுதிப் பழகிவிட்டன.

------

> பனிபெய் மட்டம்

எனக்குச் சரிதான் ஐயா. ஓர் ஐயம். வாஷிங்டன் மாநிலத்து ஸ்னோக்வால்மி கணவாயில் கிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று தரையை ஒட்டிப் பாயும். மேலே வெப்பக்காற்று இருக்கும். மேலே உருகிய பனி, கீழே சாலையில் பட்டதும் கண்ணாடிபோல் உறையும். அப்போது பனிபெய் மட்டம் எங்கே?

------

நல்ல கேள்வி. அந்த மழைக்கு 'உறைமழை' என்று தனிச்சொல் வைத்துவிடலாம். பனிபெய் மட்டம் மேலே, அந்த வெப்பக்காற்றுக்குள்தான். காற்று பல உயரங்களில் 0 டிகிரியைக் கடப்பதால் உறைமட்டம்தான் அன்றைக்கு ஒன்றுக்கு மேல் வரும். "பனிபெய் மட்டம் 1,500 மீட்டர், கணவாயில் உறைமழை" என்று எழுதினால் குழப்பமில்லை. காற்று மேற்குக்குத் திரும்பியதும் வெறும் மழை என்று மாற்றிக்கொள்ளலாம்.

மறுப்பு இல்லையென்றால் பனிபெய் மட்டம், உறைமட்டம், உறைமழை மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் அடுத்தடுத்து ஏற்றுகிறேன். 'பனிக்கோடு' பதிவில் யாரோ 'ஸ்னோ லெவல்' என்பதையும் இரண்டாம் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடலாமா?