ஆர்.இ.சி.யில் படித்தவர் ரெஸ்யூமேயில் என்.ஐ.டி. என்று போடலாமா?

துவாக்குடி98:
1994-98, திருச்சி ஆர்.இ.சி. (மண்டலப் பொறியியல் கல்லூரி), பி.இ. மெக்கானிக்கல். இத்தனை வருஷமும் ரெஸ்யூமேயில் அப்படியே போட்டு வந்தேன். போன வாரம் ஒரு கன்சல்டன்சிப் பையன் போனில், "சார், ஆர்.இ.சி. என்றால் பாலிடெக்னிக்கா?" என்று கேட்டான். அந்தக் காலத்தில் அங்கே சீட் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று ராத்திரியே "என்.ஐ.டி. திருச்சி, 1998" என்று மாற்றிவிட்டேன். 2003-ல் என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) என்று பெயர் மாறிய அதே கல்லூரிதானே. வீட்டில் மட்டும் "இது பொய்" என்கிறாள். பொய்யா?

மாங்குடி:
இதில் என்ன பொய்? அதே காம்பஸ், அதே ஹாஸ்டல். பழைய மாணவர் சங்கமும் ஒன்றுதான். என் சர்டிபிகேட்டில் ஊர் மெட்ராஸ் என்று இருக்கிறது. அதற்காக இன்றைக்கும் மெட்ராஸ் என்றா எழுதுகிறேன்? தைரியமாகப் போடுங்கள்.

செல்வி_ஹெச்ஆர்:
வீட்டம்மா சொல்வதுதான் சரி. சார், உங்கள் டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். மேலே என்ன பல்கலைக்கழகம் இருக்கிறது? பாரதிதாசன் பல்கலைக்கழகம். ஆர்.இ.சி. தானாகப் பட்டம் கொடுத்ததில்லை. 2003-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்த பிறகுதான் அந்தக் கல்லூரி சொந்தமாகப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. நீங்கள் போட்டிருக்கும் வரியைப் படிக்கிறவர் என்.ஐ.டி. கொடுத்த பட்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று. என்.ஐ.டி. கொடுப்பது பி.டெக். நீங்கள் பி.இ., என்.ஐ.டி., 1998 என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டால், விவரம் தெரிந்தவர் கண்ணில் அதுவே உறுத்தும்.

மாங்குடி:
விவரம் தெரிந்தவர் பார்த்தால் "ஓ, பழைய ஆர்.இ.சி. ஆள்" என்று புரிந்துகொள்வார். தெரியாதவர் பாலிடெக்னிக் என்று தள்ளிவிடுவார். இப்போது முதலில் வடிகட்டுவது மென்பொருள். தேடுகிறவர் என்.ஐ.டி. என்று அடித்தால் இவர் பெயர் வரவே வராது. மேடம் ஆபீசிலும் அப்படித்தானே தேடுவீர்கள்?

செல்வி_ஹெச்ஆர்:
தேடுவோம், மறுக்கவில்லை. ஆனால் ஆஃபர் கொடுத்த பிறகு நடப்பதையும் கேளுங்கள். வெரிஃபிகேஷன் கம்பெனி ரெஸ்யூமேயில் உள்ளதைப் பார்த்துத்தான் கடிதம் எழுதும். என்.ஐ.டி.க்கு எழுதினால் பட்டம் அங்கே கொடுத்ததே இல்லை. அறிக்கை பச்சையில் வராமல் மஞ்சளில் வந்து நிற்கும். அப்புறம் ஆளைக் கூப்பிட்டு, சர்டிபிகேட் நகல் வாங்கி, பாரதிதாசனுக்கு எழுதி... ஒருவர் பழைய கம்பெனியில் பேப்பர் போட்டுவிட்டு இரண்டு மாதம் இப்படித் தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஏமாற்ற நினைத்தவர் இல்லை அவர். ஒரு வரியில் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

மெட்ராஸ் உதாரணமும் பொருந்தாது. 1996-ல் ஊர்ப் பெயர் மாறியது, பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. அங்கே படித்தவர் ஆங்கிலத்தில் 'யுனிவர்சிட்டி ஆஃப் சென்னை' என்று எழுதினால், அப்படி ஒரு பல்கலைக்கழகமே கிடையாது.

காஸ்ட்கணக்கு:
மேடம், "சர்டிபிகேட்டில் உள்ளதையே போடு" என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. நான் வாங்கியது ஏ.ஐ.சி.டபிள்யூ.ஏ., அதாவது காஸ்ட் அக்கவுண்டன்ட் தகுதி. 2012-ல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து அதைக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரும் மாறியது, பெயருக்குப் பின்னால் போடும் எழுத்தும் ஏ.சி.எம்.ஏ. என்று ஆனது. சுவரில் பழைய சர்டிபிகேட் தொங்குகிறது. அதற்காக இன்றைக்குப் பழைய எழுத்தைப் போட்டால் நான்தான் தப்பு.

செல்வி_ஹெச்ஆர்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுடையது உறுப்பினர் தகுதி. வருஷா வருஷம் பணம் கட்டி இன்றைக்கும் வைத்திருக்கிறீர்கள், அதனால் இன்றைய பெயர். துவாக்குடி சாரின் பட்டம் 1998-ல் நடந்து முடிந்த சங்கதி.

கோவை2012:
எங்கள் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்தார்கள், நான் 2008-ல் கோவைப் பக்கம் சேர்ந்தேன். நடுவில் பெயரில் "டெக்னாலஜி" சேர்ந்தது. 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். என் மார்க் ஷீட் கட்டைப் பிரித்தால் செமஸ்டருக்குத் தகுந்தாற்போல் தலைப்பு மாறும். ஒரு கம்பெனியில், "நடுவில் காலேஜ் மாறினீர்களா?" என்று கேட்டார்கள். நான் உட்கார்ந்த பெஞ்ச்கூட மாறவில்லை சார். இப்போது "அண்ணா பல்கலைக்கழகம்" என்று மட்டும் போடுகிறேன், யாரும் எதுவும் கேட்பதில்லை. எனவே என் ஓட்டு மாங்குடிக்கு.

புகுமுகம்:
இதெல்லாம் பரவாயில்லை. என் சித்தப்பா பதினொன்று வருஷ எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. (புகுமுக வகுப்பு). 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முந்தைய ஆள். ரிட்டயர் ஆன பிறகு ஒரு இடத்தில் பகுதி நேர வேலைக்கு ஆன்லைன் படிவம் நிரப்பினோம். "பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியின் பெயர்" என்ற பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பி.யு.சி. படித்த கல்லூரியின் பெயரைப் பள்ளி என்று போட்டோம். பன்னிரண்டு வருஷக் கணக்கு சரிதானே. "கல்லூரியில படிச்சவனைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டியேடா" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார்.

செல்வி_ஹெச்ஆர்:
சித்தப்பா செய்தது சரி, படிவத்தில் வேறு வழியில்லை. ரெஸ்யூமேயில் மட்டும் "பி.யு.சி., பிளஸ் டூவுக்கு இணை" என்று எழுதிவிடுங்கள். துவாக்குடி சாருக்கு என் வரி இது: "பி.இ. மெக்கானிக்கல், மண்டலப் பொறியியல் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.), திருச்சி. பாரதிதாசன் பல்கலைக்கழகம், 1998." தேடுகிறவர் கண்ணிலும் படும், வெரிஃபிகேஷன்காரருக்கும் எங்கே எழுதுவது என்று தெரியும்.

மாங்குடி:
இரண்டு வரி ஆகிறதே! பாதிப் பேர் முதல் நாலு வார்த்தையோடு நிறுத்திவிடுவார்கள். நானாக இருந்தால் என்.ஐ.டி.யை முன்னால் போட்டு, "அன்றைய ஆர்.இ.சி." என்பதை அடைப்புக்குறிக்குள் தள்ளுவேன்.

செல்வி_ஹெச்ஆர்:
தள்ளுங்கள், பல்கலைக்கழகப் பெயரும் வருஷமும் இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டையும் விழுங்கினால்தான் வருவேன்.

துவாக்குடி98:
மேடம் சொன்னபடியே மாற்றிவிட்டேன், வீட்டில் முகம் மலர்ந்தது. இப்போது ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் விவரம் ஏற்றுகிறேன். கல்லூரிப் பட்டியலில் ஆர்.இ.சி. கிடையாது, என்.ஐ.டி. மட்டும்தான் இருக்கிறது. அதைத் தொட்டதும் பட்டம் என்ற பெட்டியில் பி.டெக். என்று தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அழிக்கவும் விடவில்லை.

மாங்குடி:
அண்ணே, இப்போது பொய் சொல்வது நீங்கள் இல்லை, அந்தத் தளம்.

செல்வி_ஹெச்ஆர்:
கீழே "குறிப்பு" என்று ஒரு பெட்டி இருக்கும் பாருங்கள் சார்.

துவாக்குடி98:
இருக்கிறது. ஐம்பது எழுத்துதான் போடலாமாம்.