புதுப்பிப்பு: பேஸ் கிட்டாருக்கு ஐயாயிரத்துக்குள்ள ப்ரீஆம்ப் பெடல், வாங்கிட்டேன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, நம்ம கிருஷ்ணகிரி ட்ரூப்ல ஆம்ப் இல்லாம பேஸை நேரா மிக்சர்ல சொருகி வாசிக்கறேன், சவுண்ட் சப்புனு இருக்கு, ஐயாயிரம் ரூபாய்க்குள்ள எந்த ப்ரீஆம்ப் பெடல் (மிக்சருக்கு போறதுக்கு முன்னாடி சவுண்டை தூக்கி, டோனை மாத்தற சின்ன பெட்டி) நல்லதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பெஹ்ரிங்கர் கம்பெனியோட பிடிஐ21 பெடல் எடுத்தேன். டெக் 21 கம்பெனியோட சான்ஸ்ஆம்ப்ங்கற பேஸ் ப்ரீஆம்ப் பாணியில வர்றது, பாடி பிளாஸ்டிக், ஆனா இந்த விலைக்கு எக்ஸ்எல்ஆர் அவுட்டும் (மைக் கேபிள்ல நேரா மிக்சருக்கு அனுப்பற சாக்கெட்) சேர்ந்து வருது.

என்னோடது பாசிவ் பேஸ் (உள்ள பேட்டரி, ப்ரீஆம்ப் இல்லாதது), மிக்சரோட லைன் இன்புட் இம்பீடன்ஸ் (மின் தடை மாதிரி) கம்மி, அதான் பிக்கப் (கம்பி அதிர்வை சிக்னலா மாத்தற காந்தம்) சவுண்டை அமுக்குதுன்னு ஒரு அண்ணன் சொன்னாரு, அதுதான் கரெக்ட், இப்ப பெடல் வழியா, ட்ரைவை (சவுண்டை கரகரப்பாக்கற நாப்) சுத்தமா குறைச்சு வெச்சு வாசிச்சாலே ஈ ஸ்ட்ரிங் நெஞ்சுல வந்து இடிக்குது!

எதிர்பார்க்காதது ஒண்ணு. ரூம்ல தனியா வாசிக்கறப்ப பிரமாதமா இருந்துச்சு, ஆனா காவேரிப்பட்டணம் கோயில் திருவிழாவுல தவிலும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் காணாமப் போயிடுச்சு. காரணம், இந்த சர்க்யூட் மிட்டை (பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவுல இருக்கற சவுண்டை) குறைச்சு குழி பண்ணிடும், மிட் நாப் தனியா கிடையாது. ப்ளெண்ட் நாப்பை (பெடல் சவுண்டையும் பேஸோட நேரடி சவுண்டையும் கலக்கறது) பாதிக்கு கீழ, கடிகாரத்துல பதினோரு மணி இருக்கற இடத்துக்கு கொண்டு வந்தேன், நேரடி சவுண்ட் கலந்து மிட் திரும்ப வந்துடுச்சு. ப்ளெண்டை முழுசா திருப்பாதீங்கன்னு ஒருத்தர் முன்னாடியே எழுதியிருந்தாரு, நான்தான் கவனிக்கல.

ஜெனரேட்டர் லைன்ல வந்த உர்ர்னு ஹம், பெடல்ல இருக்கற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சை (எக்ஸ்எல்ஆர் அவுட்டோட கிரவுண்ட் இணைப்பை துண்டிக்கறது) அமுக்கினதும் நின்னுச்சு. அடாப்டர் வாங்கறவங்க 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ்னு பாத்து வாங்குங்க.